நல்ல தண்ணீரில் நின்ற இன்ஜின்

என் அக்கா வீட்டுக்காரருக்கு இன்ஜின் பேசினால் காது கேட்கும், மனிதர் பேசினால் கேட்காது. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கரையில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். அக்கா சமையலறையிலிருந்து தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால் கடலுக்குள்ளிருந்து ஏதோ ஒரு படகு வந்துகொண்டிருக்கும், அது யாருடையது என்றுகூட நமக்குத் தெரியாது. சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அவன் இன்ஜின்ல ஒரு பிளக் சரியா எரியல, வந்ததும் இங்க வரச் சொல்லு" என்பார்.

படகு இன்ஜின் பழுது பார்ப்பதுதான் அவர் தொழில். நீளமான திருப்புளியின் நுனியை ஓடுகிற இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்ட வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அதைப் பார்த்துத்தான் கரைக்காரர்கள் டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். பட்டறைக்கும் என் தையல் கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அவர் ஸ்பேனரை மேசையில் வைக்கிற சத்தத்திலேயே அன்றைக்கு மனிதர் எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். வைத்தால் நல்ல நாள். போட்டால் கெட்ட நாள். புயலுக்குப் பிறகு கொஞ்ச காலம் எந்தச் சத்தமும் வரவில்லை.

அந்தப் புயலில்தான் அவருடைய தம்பி போனார். தெருவே அவரைச் சின்னவர் என்றுதான் கூப்பிடும். அவர் மனைவி வந்து சேர்ந்த நாளிலிருந்து சின்னவள் ஆகிவிட்டாள். எச்சரிக்கை வந்ததும் கடலுக்குள் இருந்த படகுகள் எல்லாம் திரும்பின. சின்னவர் படகும் பின்னால் வந்துகொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு மழைத்திரை இறங்கிவிட்டது, யார் கண்ணுக்கும் யாரும் தெரியவில்லை. மற்றவர்கள் கரை ஏறினார்கள். அவர் ஏறவில்லை. கடல் கீழ்த்தெருக்களுக்குள் வந்து, இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு திரும்பிப் போனது. தண்ணீர் வடிந்த பிறகு அவரைக் கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும், அதற்கு மேல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

உயிரோடு இருப்பவர்களுக்கு மறுநாளே பசிக்கிறது. அதுதான் கொடுமை. புயலுக்கு ஒதுங்கிப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கரைக்குப் போய், மணலுக்குள் புதைந்த படகுகளைத் தோண்ட ஆரம்பித்தார்கள். உடைந்த பலகையைத் தச்சர் பார்த்துக்கொள்வார். கிழிந்த வலையைத் தைத்துக்கொள்ளலாம். இன்ஜின்தான் எல்லோருக்கும் கவலை. கடலுக்குள் கிடந்த இன்ஜின்களைத் தூக்கி வந்து, சேற்றைத் துடைத்து, மூடியைக் கழற்றி, வெயிலில் வரிசையாகக் காய வைத்தார்கள்.

எங்கள் ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். வலை நனைந்தால் வெயில், மீன் மிஞ்சினால் வெயில், மெத்தையைக் குழந்தை நனைத்துவிட்டால் வெயில். வெயிலில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். சொந்தமாக ஒரு படகும் வைத்திருந்த ஐஸ் கடைக்காரர் தன் இன்ஜினை வெயிலில் நிறுத்தியதோடு விடாமல், பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டும் இருந்தார்.

தம்பியை அடக்கம் செய்த நாளிலிருந்து வாயைத் திறக்காமல் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தான், அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் முதல் தடவையாகக் கத்தினார்.

"காயப் போடாதீங்கடா! தண்ணிக்குள்ள போடுங்க! தண்ணிக்குள்ள!"

புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தம்பி போன துக்கம், பாவம் என்று ஐஸ் கடைக்காரர் எழுந்து வந்து தோளைப் பிடித்தார். அத்தான் அவரைத் தள்ளிவிட்டார்.

"அண்ணே, உப்புத் தண்ணியில கெடந்த இரும்பு. காத்து பட்டா உள்ள உப்பு காஞ்சு, மொத்தத்தையும் தின்னுடும். நல்ல தண்ணியில முக்கி வையுங்க. நான் ஒவ்வொண்ணாப் பிரிச்சுத் தர்ற வரைக்கும் தலை வெளியில தெரியக் கூடாது."

ஐஸ் கடைக்காரர் நம்பவில்லை. மற்றவர்கள் அரைகுறை நம்பிக்கையோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆனால் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கிணறெல்லாம் உப்பு. குடிக்கும் தண்ணீரே லாரியில்தான் வந்தது. ஆளுக்கு இவ்வளவுதான் என்று வரிசையில் நின்று வாங்கினோம். இந்த நேரத்தில் இவர் பட்டறை வாசலில் டிரம்களை நிறுத்தி, "ஆளாளுக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்றார். அக்காவுக்கு வந்ததே ஒரு கோபம்.

"ஏங்க, மனுஷங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, நீங்க இரும்பைக் குளிப்பாட்டுறீங்களா?"

"உப்பு தின்னுடும்டி."

"தின்னட்டும். தாகம் எங்களைத் தின்னுது, அது தெரியலையா?"

அத்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்கா முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள். கழுவியவள் அந்தத் தண்ணீரைக் கொட்டப் போய், அப்படியே நின்றாள். "ஏங்க, கழுவின தண்ணி ஆகுமா?" என்றாள்.

"உப்பு இல்லாம இருந்தா எந்தத் தண்ணியும் ஆகும்."

அன்றிலிருந்து எங்கள் தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழவில்லை. குழந்தைகளைத் தொட்டியில் நிற்க வைத்துக் குளிப்பாட்டினோம். குளித்த தண்ணீர், துணி அலசிய தண்ணீர், கை கழுவிய தண்ணீர் எல்லாம் வடிகட்டி டிரம்முக்குப் போனது. கரையிலேயே முரடன் என்று பெயரெடுத்த ஆளின் இன்ஜின், பிரித்தபோது குழந்தை சோப்பு வாசனை அடித்தது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். புயலுக்குப் பிறகு நாங்கள் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு சின்னவருடைய படகு கிடைத்தது. தூரத்தில் ஒரு மணல் திட்டில் கவிழ்ந்து கிடந்தது. அடிப்பலகை போயிருந்தாலும் இன்ஜின் பின்னால் பிடித்தபடியே இருந்தது. அதைக் கொண்டுவந்து அத்தான் முன்னால் இறக்கினார்கள். பட்டறையின் உள் மூலையில் ஒரு நீல டிரம்மைத் தனியாக வைத்து, அதற்குள் இறக்கினார்.

அந்த டிரம்முக்கு மட்டும் கழுவிய தண்ணீர் வரவில்லை. சின்னவள் காலையில் லாரித் தண்ணீர் வாங்கியதும் தன் பங்கிலிருந்து ஒரு குடம் எடுத்துக்கொண்டு வருவாள். இடுப்பில் குடம், கையைப் பிடித்தபடி அவள் மகள். பட்டறைப் படியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நிற்பாள். அவள் வருவது தெரிந்தாலே அத்தான் மேசைக்குக் கீழே குனிந்து போல்ட்டு தேட ஆரம்பித்துவிடுவார். காணாமல் போகாத போல்ட்டு. அவள் போன பிறகு எழுந்து வந்து, டிரம்மிலிருந்த பழைய தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, இந்த நல்ல தண்ணீரை ஊற்றுவார். சுவரின் இந்தப் பக்கம் நிவாரணத் தார்ப்பாய்களுக்கு ஓரம் தைத்துக்கொண்டு, சுவரில் புயல் போட்ட ஓட்டை வழியாக நான் இதைப் பார்ப்பேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே குடும்பம், ஒரே துக்கம், எதிரெதிரே நின்று இரண்டு வார்த்தை பேசினால் என்ன?

மற்ற டிரம்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின. பிரித்துக் கழுவி எண்ணெய் போட்டு மாட்டிய இன்ஜின்களைத் தோளில் சுமந்துகொண்டு போனார்கள். வெயிலை நம்பிய ஐஸ் கடைக்காரரின் இன்ஜின் மட்டும் உள்ளுக்குள் இறுகிப்போய், கயிற்றை இழுத்தால் அசையக்கூட மறுத்தது. "நான் விசிறினதுதான் தப்பு, வெயில் மேல தப்பு இல்ல" என்று அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடைசியில் நீல டிரம் மட்டும் மிஞ்சியது. அத்தான் அதைத் தொடவில்லை. பட்டறையைப் பெருக்கினார். சாமான்களை அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார்.

எனக்குப் பொறுமை கிடையாது. நேரே போய்க் கேட்டேன்.

"அத்தான், ஊரு இன்ஜின் எல்லாம் பார்த்தாச்சு. நம்ம வீட்டு இன்ஜின் என்ன பாவம் பண்ணுச்சு?"

"தண்ணியிலதானே இருக்கு. கெடாது."

"கெடாதுன்னு காலம் பூரா வச்சிருப்பீங்களா? தண்ணிக்குள்ளயும் ரொம்ப நாள் வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பிடி கொடுக்காமல் நழுவப் பார்த்தார். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, டிரம்மைப் பார்த்துச் சொன்னார்.

புயலுக்கு முந்தின நாள் சின்னவர் இன்ஜினைக் கொண்டுவந்திருக்கிறார். ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று நின்றுவிடுகிறது என்று. பிரித்துப் பார்த்தால், இன்ஜினுக்கு எரிபொருள் ஏற்றுகிற எண்ணெய் பம்புக்குள் இருக்கிற மெல்லிய ரப்பர் தேய்ந்திருந்தது. புது ரப்பர் கையில் இல்லை. பழையதையே துடைத்து, திருப்பி வைத்து மாட்டி, "கொஞ்ச நாள் தாங்கும், புதுசு வந்ததும் மாத்திக்கலாம், போயிட்டு வா" என்று அனுப்பியிருக்கிறார்.

"எல்லாரும் வந்துட்டாங்க. அவன் மட்டும் வரல. நடுக்கடல்ல இன்ஜின் நின்னிருந்தா?" என்றார். "நின்னிருந்தா, அவனை நான்தான் கொன்னேன்."

"அது எப்படித் தெரியும் அத்தான்? கடலைக் கேட்டாலும் சொல்லாது" என்றேன்.

"இன்ஜினைப் பிரிச்சா தெரியும்" என்றார்.

பிஸ்டனைத் தாங்கிக்கொண்டு ஒரு இரும்புத் தண்டு இருக்கிறதாம், ராடு என்பார்கள். இன்ஜின் ஏற்கெனவே நின்று, அதற்குப் பிறகு தண்ணீரில் மூழ்கினால் அந்த ராடுக்கு ஒன்றும் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கினால் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். தண்ணீரை எந்த இன்ஜினாலும் அழுத்த முடியாது. முட்டிக்கொண்டு நிற்கும். அந்த வேகத்தில் ராடு வளைந்துபோகும்.

"நேரா இருந்தா இன்ஜின் பொழச்சுக்கும், நான் பொழைக்க மாட்டேன். வளைஞ்சிருந்தா நான் தப்பிச்சேன், ஆனா அவளுக்கு இன்ஜின் இல்ல. நான் எதை வேண்டிக்கட்டும், சொல்லு. என் தம்பி குடும்பத்துக்கு இன்ஜின் கெட்டிருக்கணும்னு நான் வேண்டிக்கலாமா?"

கதவை விட்டு விலகி நின்றேன்.

அதற்கு மறுவாரம் சின்னவள் வந்தாள். குடத்தோடு அல்ல, வெறுங்கையோடு. அத்தான் வழக்கம்போல் மேசைக்கடியில் குனிந்தார். அவள் போகாமல் படியிலேயே நின்றாள்.

"மாமா, தச்சர் படகை முடிச்சுட்டாரு. கூட வர்றதா என் அண்ணன் சொல்லிட்டாரு. நானும் கடலுக்குப் போறதா இருக்கேன். இன்ஜின் எப்ப கெடைக்கும்?"

மேசைக்கடியில் போல்ட்டு டப்பா மட்டும் கலகலத்தது.

"உங்களுக்கு என் மேல ஏதாவது கோபமா மாமா?" என்றாள்.

அத்தான் எழுந்தார். கை துடைக்கிற துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார், முகமெல்லாம் கறுப்பானது. "இன்னைக்கே பார்த்துடலாம்மா, உக்காரு" என்றார்.

அக்காவும் வந்துவிட்டாள். நான் தார்ப்பாயை அப்படியே போட்டுவிட்டு வந்தேன். டிரம்மிலிருந்து இன்ஜினைத் தூக்கினார். தண்ணீர் வடிந்து முடியக் காத்திருந்தார். போல்ட்டுகளைக் கழற்றித் தகர மூடியில் ஒவ்வொன்றாக வைத்தார். போடவில்லை, வைத்தார். சின்னவள் மகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது இரண்டு ராடு உள்ள இன்ஜின், ஒன்று வளைந்திருந்தாலே ஓடும்போது மூழ்கியது என்றுதான் அர்த்தம். இரண்டையும் வெளியே எடுத்து, எண்ணெயில் துடைத்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. "உன் துணி வெட்டுற மேசைக் கண்ணாடியைக் கொண்டா" என்றார் என்னிடம். என் கடையில் புயலுக்குத் தப்பிய ஒரே கண்ணாடி அது. கொண்டுவந்து வைத்தேன். சமமான கண்ணாடியில் வைத்தால் நேரான ராடு அசையாமல் படுத்திருக்கும், வளைந்தது ஆடும்.

முதல் ராடை வைத்தார். விரலால் தட்டினார். அசையவில்லை. மறுபடி தட்டினார். ஒட்ட வைத்தது மாதிரி கிடந்தது. அத்தான் முகத்தில் ரத்தமே இல்லை. அதைப் பார்த்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவதை வைக்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வைத்தார். தட்டினார். டக் என்றது. மறு முனையைத் தட்டினார். டக் டக் என்று ஆடியது.

அத்தான் அதைத் தட்டிக்கொண்டே இருந்தார். டக் டக், டக் டக். அவர் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"என்ன மாமா? நல்லா இருக்கா?" என்றாள் சின்னவள்.

"இல்லம்மா. கெட்டுப்போச்சு. வளைஞ்சு போச்சு."

"ஏங்க, கெட்டதுக்கா இப்படி?" என்று அக்கா அதட்டினாள். அவளுக்கு ரப்பர் விஷயமும் தெரியாது, ராடு விஷயமும் தெரியாது. அத்தான் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தார். நான்தான் பழைய ரப்பரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சின்னவளுக்குச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அவள் அத்தானைத் திட்டுவாள் என்று பயந்தேன். அவள் திட்டவில்லை. மடியிலிருந்த மகளை இறக்கிவிட்டு எழுந்து கண்ணாடி அருகே வந்தாள். தன் விரலால் அந்த ராடைத் தட்டிப் பார்த்தாள்.

"அப்ப இன்ஜினை அவரு நிறுத்தலையா?"

"நிக்கவே இல்லம்மா. மூழ்குற வரைக்கும் ஓடிட்டுதான் இருந்திருக்கு."

"நிச்சயமாவா?"

"இரும்பு பொய் சொல்லாதும்மா."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கடல்லேர்ந்து எனக்கு போன் பண்ணாரு மாமா" என்றாள். "ஏதோ சொன்னாரு, இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. நான்தான் கத்தினேன். 'அந்த இன்ஜினை நிறுத்திட்டுப் பேசுங்க'ன்னு. அதுக்கப்புறம் சத்தம் இல்ல. போன் கட்டாச்சா, என் பேச்சைக் கேட்டு இன்ஜினை நிறுத்தினாரான்னு எனக்குத் தெரியல. நிறுத்தி, திருப்பி ஸ்டார்ட் ஆகாம போயிருந்தா? யாருகிட்ட நான் கேப்பேன்? நீங்க என் முகத்தைப் பார்க்காம குனிஞ்சுக்கிட்டதும், உங்களுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்."

அத்தான் அவளையே பார்த்தார். பிறகு மெதுவாக அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் சொன்னது எனக்குக் காதில் விழவில்லை, அவ்வளவு சின்னக் குரல். எத்தனை வருடமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன், அவருக்கு மெல்லப் பேசவும் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் ஏதாவது வாய்ல போடுங்க முதல்ல" என்று எழுந்து போனாள்.

மாற்று ராடு ஐஸ் கடைக்காரரின் இறுகிப்போன இன்ஜினிலிருந்து கிடைத்தது. அதே கம்பெனி, அதே அளவு. உள்ளே முக்கால்வாசி துருப்பிடித்திருந்தாலும் ஒரு ராடு மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. "அது நான் விசிறின பக்கமா இருக்கும்" என்றார் அவர். கொடுத்த மனிதரைக் கேலி செய்ய மனம் வராமல் வாயை மூடிக்கொண்டேன். எண்ணெய் பம்புக்குப் புது ரப்பர் வரும்வரை அத்தான் இன்ஜினை மாட்டவில்லை. வந்த பிறகு மாட்டிப் பார்த்து, திருப்திப்படாமல் கழற்றி, மறுபடி மாட்டினார்.

ஓட்டிப் பார்ப்பதும் தண்ணீரில்தான். அதே நீல டிரம்மின் விளிம்பில் ஒரு பலகை கட்டி, அதில் இன்ஜினைப் பிணைத்து, கீழ்ப்பாகம் தண்ணீருக்குள் இருக்கும்படி இறக்கினார். டிரம்மில் இருந்தது அவள் கொண்டுவந்த தண்ணீர்தான். கயிற்றை இழுத்தார். இருமியது. மறுபடி இழுத்தார். பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர, டிரம் தண்ணீர் நாலு பக்கமும் தெறித்தது. சின்னவள் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அத்தான் திருப்புளியை எடுத்து இன்ஜின் மேல் ஊன்றிக் காதில் வைத்தார். கண்ணை மூடினார். நன்றாக இருக்கிறது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

சின்னவள் பக்கத்தில் போய் நின்று ஏதோ சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. எங்களுக்கும் கேட்கவில்லை. "என்னம்மா?" என்று கத்திவிட்டு, அவள் சொல்வதைக் கேட்பதற்காக இன்ஜினை நிறுத்தும் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார்.

அவள் சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்தாதீங்க மாமா" என்று அவர் காதருகே போய்க் கத்தினாள். "அது ஓடட்டும். நான் அப்புறம் சொல்றேன்."